பென்ஷன் வாங்கிய பிறகு மலாவிக்கு

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, கடைசிப் பத்துப் பதினைந்து வருடம் நர்ஸிங் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். என் கணவர் பாளையங்கோட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். பிள்ளைகளைக் கரையேற்றியாகிவிட்டது. உடம்பும் ஓரளவு சொன்னபடி கேட்கிறது. அந்த நேரத்தில்தான் தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்று தெரிய வந்தது. வீடு தருகிறோம், சம்பளம் கிடையாது, தம்பதியாக வந்தால் நல்லது என்றார்கள். ஜெபித்தோம், பிள்ளைகளோடு பேசினோம், 2022-இல் கிளம்பினோம். மும்பை போய், அங்கிருந்து அடிஸ் அபாபா, அப்புறம் பிளாண்டயர். அங்கிருந்து சாலை வழியாக ஒன்றரை மணி நேரம், முழுக்கத் தேயிலைத் தோட்டம். மாஞ்சோலைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தெரியாது.

ஊரில் பலர் கேட்ட கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாவியில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள்தானே, அங்கே மிஷனரிக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875-இலேயே மலாவி ஏரிக்கரையில் கேப் மக்ளியரில் இறங்கிவிட்டார்கள். அடுத்த வருடம் பிளாண்டயர் மிஷன் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். கேப் மக்ளியரில் காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மடிந்ததால் 1881-இல் பண்டாவேக்கு இடம் மாறினார்கள். அந்த விதையில் வளர்ந்த சபைகளில் ஞாயிறு ஆராதனைக்கு உட்கார இடம் கிடைப்பதே கஷ்டம். ஆகவே நாம் போய் அறிவித்தால்தான் சுவிசேஷம் கேட்பார்கள் என்ற நிலை அங்கே இல்லை. அங்கே தேவை நர்ஸுகள், அவர்களுக்குச் சொல்லித்தர ஆட்கள். எங்கள் ஊழியம் அதுதான் என்பதில் நாங்கள் தெளிவாக இருந்தோம். போகிற தம்பதிகள் தாங்கள் எதற்குப் போகிறோம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, இரண்டு பேருமே படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த நாட்டின் சரித்திரத்தையும் கொஞ்சம் படித்துவிட்டுப் போக வேண்டும். ஜான் சிலெம்ப்வே என்ற மலாவிப் போதகர் 1915 ஜனவரியில், தோட்ட முதலாளிகளின் கொடுமைக்கும் காலனி ஆட்சிக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்து உயிரைக் கொடுத்தார். ஜனவரி 15 அவர் நினைவாக அரசு விடுமுறை. மலாவிப் பணமான குவாச்சா நோட்டில் அவர் படம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 'நான் சொல்கிறபடி செய்யுங்கள்' என்று ஆரம்பித்தால் அங்கே முகம் ஏன் மாறுகிறது என்பது இதைப் படித்தவர்களுக்குப் புரியும்.

காகித வேலை பற்றி. தற்காலிக வேலை பெர்மிட் வாங்க வேண்டும். நர்ஸாகப் பணி செய்ய மலாவியின் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ்கள், இந்தியாவில் நாம் பதிவு செய்த நர்ஸிங் கவுன்சிலின் கடிதம் எல்லாம் முறைப்படி சான்றொப்பத்தோடு போக வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் மறந்துவிடக் கூடாதது பென்ஷன் நேர்காணல். வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரக அதிகாரி கையெழுத்திட்ட வாழ்வுச் சான்றை அனுப்பலாம். மலாவியில் இந்தியத் தூதரகம் லிலோங்வேயில் இருக்கிறது. எங்கள் இடத்திலிருந்து முழு நாள் பயணம். எனவே உங்கள் கருவூலம் எந்த முறையை ஏற்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே நேரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல் வேலை, கண் வேலை எதையும் பாக்கி வைக்காதீர்கள். இரண்டு மூக்குக்கண்ணாடி எடுத்துப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டர் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது தென்னாப்பிரிக்காவுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். பெரிய இருதய சிகிச்சை என்றால் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்தான்.

ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைத்துப் பருத்தித் துணியாக அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மலாவி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. ஜூன், ஜூலையில் குளிர். எங்கள் மலைப்பக்கத்தில் சிப்பெரோனி என்று ஒரு மூடுபனித் தூறல் வரும். நாள் கணக்கில் வெயிலைக் காட்டாது, துவைத்த துணி காயாது. வெயில் என்றால் அக்டோபர்தான். நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல் வரை. கிறிஸ்துமஸ் நல்ல மழையில் வரும், மாம்பழத்தோடு வரும். மூட்டு வலிக்காரர்கள் இரண்டு நல்ல கம்பளியும் ஸ்வெட்டரும் கொண்டுவர வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்களுக்கு நல்ல கொடுப்பினை. அந்த மக்களின் சாப்பாடு ந்சீமா; வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் கெட்டிக் களி. சாப்பிடும் முன் வீட்டுக்காரர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து விருந்தாளியின் கையில் ஊற்றுவார். வலது கையால் உருட்டி, கீரையையோ மீனையோ தொட்டுச் சாப்பிட வேண்டும். எத்தனையோ வெளிநாட்டவர் அங்கே கரண்டி கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் கையால் உருட்டிச் சாப்பிட்டதும் அந்த வீட்டுப் பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து போய் இன்னொரு உருண்டை கொண்டுவந்து வைத்தார். ஏரியில் பிடித்து வெயிலில் காயவைத்த உசிப்பா என்ற சின்ன மீன், நெத்திலிக் கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு வரப்பிரசாதம். சந்தையில் புளி கிடைக்கும், பூசணிக் கீரை, வெண்டைக்காய், மரவள்ளி எல்லாம் கிடைக்கும். முருங்கைக் கீரையும் உண்டு. தாழ்வான ஷிரே பள்ளத்தாக்குப் பக்கம் அதை நன்றாகவே சாப்பிடுகிறார்கள்.

துவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தெற்கு மலாவியில் மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராகத் துவரை போடாத விவசாயி குறைவு. இந்தியா மலாவியிலிருந்து ஆண்டுக்கு 50,000 டன் துவரை வாங்க 2021-இல் ஒப்பந்தம் போட்டது. அதாவது, ஊரில் நாம் வைக்கும் சாம்பாரில் அந்தச் செம்மண்ணில் விளைந்ததும் இருக்கலாம். அங்கே முழுத் துவரையாகவே வேகவைத்து ந்சீமாவோடு சாப்பிடுவார்கள். உடைத்த பருப்பு வேண்டுமானால் பிளாண்டயரை ஒட்டிய லிம்பேயில் குஜராத்திக் கடைகளில் கிடைக்கும். புழுங்கல் அரிசிக்கு மட்டும் எங்கும் வழியில்லை. குளிர்காலத்தில் மாவும் புளிக்காது. இட்லியை அக்டோபருக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற மாதங்களில் ந்சீமாவுக்குப் பழகிக்கொண்டோம். ஊரிலிருந்து பெட்டி பெட்டியாகப் பொடி கொண்டுபோகிறவர்களுக்கு என் யோசனை: மிளகாய்ப் பொடி, காயம், கடுகு போதும். மீதி இடத்தில் மருந்து வையுங்கள்.

மின்சாரம் போகும். மலாவியின் மின்சாரத்தில் பெரும்பங்கு ஷிரே ஆற்று நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் ஆனா புயல் கப்பிச்சிரா அணையை உடைத்ததில் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நாங்கள் போய் இறங்கியது அந்தத் தட்டுப்பாட்டின் நடுவில்தான். மிக்ஸி, குக்கர் என்று சுமக்க வேண்டாம். அம்மி மாதிரி ஒரு சின்ன இடிகல்லும் சோலார் விளக்கும் அதைவிட உபயோகம். கரண்ட் இல்லாத நேரம் ம்பௌலா என்ற கரி அடுப்பில் சமைப்பார்கள். குளிருக்கு அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிருக்கு ஆபத்து. நர்ஸாக இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

காய்ச்சல் வந்தால் ராத்திரி கழியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பதினைந்து இருபது நிமிடத்தில் மலேரியாவா என்று சொல்லிவிடுவார்கள். மலேரியா என்றால் அங்கே எல்லோரும் எல்.ஏ. என்று சொல்லும் மாத்திரை. மூன்று நாள், ஆறு வேளை. வெறும் வயிற்றில் போடாமல் கொஞ்சம் எண்ணெய்ப் பசையுள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் சரியாகச் சேரும். என் கணவருக்கு ஒரு மழைக்காலத்தில் வந்தது. இரண்டாம் நாள் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தார், விடவில்லை. இருதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் எல்.ஏ. பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஏரி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இறங்கினால் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா தொற்றும் ஆபத்து உண்டு.

இதெல்லாம் சாமான், உடம்பு விஷயம். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது என் கணவரின் பகல் பொழுது.

எனக்கு முதல் நாளிலிருந்தே வேலை இருந்தது. காலை ஏழரைக்கு வார்டு, அப்புறம் வகுப்பு. நோயாளியோடு வந்து தங்கும் உறவினரைக் கார்டியன் என்பார்கள். அவர்கள்தான் வெளியே கொட்டகையில் சமைத்து நோயாளிக்கு ஊட்டுவது. அவர்களோடு பேசிப் பழகுவதிலேயே எனக்குப் பொழுது போய்விடும். அவருக்கோ கையில் எதுவும் இல்லை. முப்பது வருடம் மணியடித்தால் எழுந்து நடந்த மனுஷர். தலைமையாசிரியர் என்று ஊரே கும்பிட்டது. இங்கே 'நர்ஸ் அம்மாவின் வீட்டுக்காரர்'. காலையில் என்னை அனுப்பிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து, பழைய தினசரியை வரி விடாமல் திரும்பப் படிப்பார். சாயந்தரம் நான் வந்ததும் வார்டுக் கதையைக் கேட்பார். பாதியில் எழுந்து உள்ளே போய்விடுவார். இரண்டு பேரும் ஒரே அழைப்பில் வந்தோம் என்று சொல்லிக்கொண்டாலும், அழைத்தவர்கள் ஒருவருக்குத்தான் வேலை எழுதி வைத்திருந்தார்கள். இது பெரும்பாலும் எல்லா இடத்திலும் நடக்கிறது, பெரும்பாலும் மனைவிக்கு நடக்கிறது. கிளம்பும் முன்பே 'இன்னொருவர் திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வார்?' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் காத்திருங்கள்.

அவருக்கு வழி திறந்தது பக்கத்து வீட்டுப் பையன் மூலமாக. பையன் அவருக்கு அந்த ஊர் மொழியான சிச்சேவா சொல்லிக்கொடுக்க வந்தான். எழுத்து ரோமன் எழுத்துதான், எழுதியபடியே வாசிக்கலாம் என்பதால் அவர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பாடம் முடிந்ததும் பையன் தன் கணக்குப் புத்தகத்தை நீட்டினான். பள்ளி இறுதித் தேர்வான எம்.எஸ்.சி.இ.க்குப் படிக்கிறான், இருபடிச் சமன்பாடு ஏறவே இல்லை. இவர் தரையிலேயே கரித்துண்டால் எழுதி ஆரம்பித்துவிட்டார். மறுநாள் அவனோடு இன்னும் இரண்டு பேர். மாதக் கடைசியில் சபையின் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். சோலார் விளக்கு வெளிச்சத்தில் மாலை வகுப்பு. பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போக வேண்டும் என்று அவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம். அப்புறம் அவர் மதியம் முழுக்க அன்றைய கணக்குகளைப் போட்டுத் தயார் செய்வதில் உட்கார்ந்துவிடுவார். நான் கூப்பிட்டாலும் காது கேட்காது. தெருவில் எல்லோரும் எங்களை அகோகோ என்றுதான் கூப்பிடுவார்கள். தாத்தா பாட்டி இருவருக்கும் அதுவே. அந்தக் கூப்பிடுதலில் அவருடைய பழைய பதவியை விடப் பெரிய மரியாதை இருந்தது என்று அவரே சொன்னார்.

வயதானவர்களுக்கு அங்கே உள்ள மரியாதை உண்மையிலேயே பெரிது. பொருள் கொடுக்கும்போது வலது கையை இடது கையால் தாங்கிக் கொடுப்பார்கள். சின்னப் பெண்கள் முழங்கால் மடக்கித்தான் வணக்கம் சொல்வார்கள். 'முலி ப்வாஞ்சி' என்று நலம் விசாரித்து, பதில் கேட்டு, திருப்பி விசாரித்த பிறகுதான் காரியம். இதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்குப் போகிறவரோடு யாரும் ஒட்ட மாட்டார்கள். சந்தைக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டோனாவூரில் அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-இல் சாகும்வரை நம் உடையில், நம் மொழி பேசி வாழ்ந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அங்குள்ள பெண்கள் கட்டும் சிட்டெஞ்சே என்ற துணியைச் சேலைக்கு மேலே இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே போக எனக்குத் தயக்கமே இல்லை.

பணம் கேட்டு வருவார்கள். பள்ளிக் கட்டணம், உரம், மருந்து, எல்லாம் உண்மையான தேவை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை போன அறுவடை தீர்ந்து புதியது வராத காலம். அந்த மாதங்களில் வாசலில் ஆள் நிற்காத நாள் இருக்காது. பென்ஷனில் வாழ்கிற நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். பசி என்று வந்தால் சோள மாவு உடனே கொடுப்பது. பணம் எதுவானாலும் சபை மூப்பர்கள் வழியாக மட்டும். யாருக்கு நிஜமான கஷ்டம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டு வேலைக்கு ஒரு அம்மாவையும் தோட்டத்துக்கு ஒருவரையும் வைத்துக்கொண்டோம். 'ஊழியக்காரருக்கு எதற்கு வேலைக்காரர்' என்று ஊரிலிருந்து கேட்டார்கள். அந்தச் சம்பளத்தில் இரண்டு குடும்பம் சாப்பிடுகிறது. மாதக் கடைசி நாள் தவறாமல் கொடுங்கள், கௌரவமாக நடத்துங்கள், அவ்வளவுதான்.

2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் வந்தபோது மலைச்சரிவுகள் சேறாக இறங்கின. தெற்கு மலாவியில் காணாமல் போனவர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். அதற்கு முந்தைய வருடமே தொடங்கிய காலராவும் ஓயவில்லை. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. என் மாணவிகள் முகாமில் தண்ணீருக்குக் குளோரின் கலக்க, என் கணவர் குடும்ப வாரியாகப் பெயர்ப் பட்டியல் எழுதினார். அறுபது தாண்டியவர்கள் சேற்றில் இறங்கித் தூக்க முடியாது. ஆனால் மேசை போட்டு நாள் முழுக்க உட்கார்ந்து சரியாக எழுத முடியும்.

அங்கே சாவுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. வகுப்பை ஒத்திவைத்தாவது போக வேண்டும். பெண்கள் வீட்டுக்குள் தரையில் சுவரோரமாக உட்காருவார்கள், ஆண்கள் வெளியே. பாட்டு விடியும்வரை ஓயாது. எனக்கு முழங்கால் மடங்காது. யாராவது ஒரு மணையைத் தள்ளிவிடுவார்கள், அதில் உட்கார்ந்து மெட்டைப் பிடிப்பேன். நம் சபையில் பாடும் ஞானப்பாட்டு மெட்டுகள் பல அங்கேயும் உண்டு. வார்த்தை வராத இடத்தில் தமிழில் பாடுவேன். இப்படிப் போய்வந்துகொண்டிருக்கையில் ஊரில் என் கணவரின் அக்கா காலமானார். அவரை வளர்த்த அக்கா. டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். வீடியோவில்தான் பார்த்தோம். மலாவி நேரம் இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அடக்க ஆராதனை தொடங்கியபோது எங்களுக்கு விடிந்து கொஞ்ச நேரம்தான். நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மா பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அரை மணி நேரத்தில் மகளிர் சங்கப் பெண்கள் சீருடையில் வந்துவிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டு, நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டு, தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் முற்றத்தில் செங்கல் அடுக்கி நெருப்பு மூட்டினார்கள். ஒருவர் பேசினில் சோள மாவு, ஒருவர் விறகு, கணக்கு வகுப்புப் பிள்ளைகள் கசங்கிய நோட்டுகளாகச் சேர்த்த துக்கப் பணம். அந்தப் பணத்தை வாங்க அவருக்குக் கை வரவில்லை. மூப்பர் மெதுவாகச் சொன்னார்: "வாங்கிக்கொள்ளுங்கள் அகோகோ, எங்களிடமும் நீங்கள் வாங்க வேண்டும்." வாங்கினார். அன்று ராத்திரி பத்து மணிவரை பாட்டு.

கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போகும் நமக்கு வாங்குவது சிரமம்தான். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு சபைக் கூட்டங்களில் அவரிடம் யோசனை கேட்டார்கள். அவர் சொன்னதை மறுக்கவும் செய்தார்கள். மறுக்கிற அளவு நெருங்கிவிட்டார்கள் என்பது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

இப்போது நான் நடத்திய சமுதாய சுகாதாரப் பாடத்தை என்னிடம் படித்த பெண்ணே நடத்துகிறார். வினாத்தாளைச் சரிபார்ப்பதோடு என் வேலை முடிகிறது. பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை. கணக்கு வகுப்புக்குத்தான் ஆள் வேண்டும். உயர்நிலைப் பள்ளிக் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காரப் பொறுமை உள்ளவர் யாராவது இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். காகித வேலைக்கே சில மாதம் பிடிக்கும். கூட வருகிறவருக்கு என்ன வேலை என்பதையும் சேர்த்தே பேசிவிடலாம்.